ஓடும்போதே மாற்றுவது

எனக்குத் தே ஓ கொசோங் போதும், இன்ஸ்பெக்டர் சார். தேநீரில் சீனி போட்டால் பிற்பகலில் தூக்கம் வந்துவிடும். நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்பவர் அவசரப்பட வேண்டாம்.

பெயர் கனகலிங்கம். வயது நாற்பத்து மூன்று. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவன். அப்பா பெயர் வல்லிபுரம்; ரயில்வேயில் கிளார்க்காக முப்பத்தொரு வருடம் இருந்தார். எங்கள் வீட்டில் ஒருவரை உயர்வாகச் சொல்ல வேண்டுமென்றால் 'லீவே போடாதவர்' என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்களுக்குத் தெரியாது.

நான் வேலை பார்த்தது ஷா ஆலமில், கிள்ளான் துறைமுகத்துக் கண்டெய்னர்களை ஏற்றி இறக்கும் ஒரு லோரிக் கம்பெனியில். மொத்தம் எண்பது லோரி. எந்த லோரி எதை ஏற்ற வேண்டும் என்று ஒரே ஒரு சர்வர்தான் சொல்லும். அது என் பொறுப்பு. தொண்ணூற்றைந்து நவம்பரில் ஒரு நாள் மின்சாரம் போய், மதியம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. அன்று ஓடத் தொடங்கிய சர்வர் பிறகு ஒரு நொடிகூட நிற்கவில்லை. தினமும் இரண்டு மணிக்கு, சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் அது ஓடிய நாட்களின் எண்ணிக்கையை எழுதுவேன். போன வியாழக்கிழமை அறுநூற்றுப் பதினொன்று.

உங்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கம் இல்லை என்றீர்கள். சுலபம்தான். சர்வரில் ஆறு இழுப்பறை, ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். ஒன்று கெட்டால் மற்ற ஐந்தும் சேர்ந்து சமாளிக்கும். அந்த நேரத்தில் இன்னொன்றும் போனால் எல்லாம் போச்சு. கெட்டதை, சர்வர் ஓடும்போதே எடுத்துவிட்டுப் புதியதைச் செருகலாம். ஆனால் முறை இருக்கிறது. கொக்கியைத் தளர்த்தி ஓர் அங்குலம் மட்டும் வெளியே இழுக்க வேண்டும். உள்ளே தட்டு சுழன்றுகொண்டிருக்கும். அரை நிமிடம் காத்திருந்தால் சுழற்சி அடங்குவது கையிலேயே தெரியும். அதன் பிறகுதான் முழுதாக எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை ஆகாது.

இன்னொரு விஷயம். கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முதல் டிஸ்க்கைப் பூஜ்யம் என்றே சொல்லும். நான் மனிதன், இழுப்பறைகளில் ஒன்று முதல் ஆறு வரை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். திரையில் 'மூன்று கெட்டுவிட்டது' என்று வந்தால் நான்காம் ஸ்டிக்கரைத் தேட வேண்டும். ஒன்று கூட்டிக்கொள்வது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. முன்பக்கத்துச் சின்ன விளக்குகள் எப்போதோ எரிந்துபோய்விட்டதால், எது கெட்டது என்று கண்டுபிடிக்க அந்த ஸ்டிக்கர்தான் ஒரே வழி.

நாகையா ஜனவரியில் சேர்ந்தான். அவன் இவன் என்பதற்கு மன்னிக்க வேண்டும், பழக்கம். கிள்ளான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. இரண்டு தடவை இருக்கலாம், அதுவும் தமாஷாக.

வந்த முதல் வாரமே ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, கம்ப்யூட்டரு சீரோலேர்ந்து எண்ணுது, நீங்க ஒண்ணுலேர்ந்து எண்ணுறீங்க. ஒரு நாளு ரெண்டு பேருக்கும் சண்ட வரும் லா."

"மூணு வருஷமா வரல."

"வராத வரைக்கும் ஓகே. வந்துச்சுன்னா எண்பது லோரியும் ரோட்டுல நிக்கும். நீங்கதான் எறங்கித் தள்ளணும்."

டெலிபோன் எடுக்கும் பூமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க வெகுநேரம் ஆயிற்று.

போன புதன்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். திங்கட்கிழமை முதல் சர்வர் நாகையாவிடம். எனக்குக் கிள்ளான் கிடங்கு. அங்கே ஒரு பிரிண்டரும் ஒரு ஃபேக்ஸ் மெஷினும் இருக்கின்றன. "வேல நிக்கவே நிக்காது, மிஸ்டர் லிங்கம். கை மாறினதே யாருக்கும் தெரியாது," என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நல்ல மனிதர்.

மறுநாள் டிஸ்க் ஒன்று கெட்டது. திரையில் மூன்று என்று வந்தது. வெள்ளிக்கிழமை மாற்றுவதாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை பன்னிரண்டே காலிலிருந்து இரண்டே முக்கால் வரை ஆபீசில் யாரும் இருக்க மாட்டார்கள். பாதிப் பேர் பள்ளிவாசலுக்கும் மீதிப் பேர் சாப்பிடவும் போய்விடுவார்கள். வேலைப்பளு குறைந்த நேரம். வேறு எண்ணம் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

பன்னிரண்டரைக்கு நாகையா உள்ளே வந்தான், கையில் நாசி லெமாக் பொட்டலத்தோடு. அந்த அறைக்குள் சாப்பாடு கூடாது என்று அவனுக்கும் தெரியும்.

"உங்களுக்குத்தான் வாங்கினேன் அண்ணே. கடைசி வேல, நீங்களே செய்யுங்க. நான் தொடமாட்டேன். சும்மா பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

மணிக்கட்டில் பட்டையை மாட்டினேன். நம் உடம்பின் நிலைமின்சாரம் டிஸ்க்கைத் தாக்காமலிருக்க, பட்டையிலிருந்து ஒரு சுருள் வயர் சர்வரின் இரும்புச் சட்டத்துக்குப் போகும். இடது கையில் புதிய டிஸ்க். வலது கையை நான்காம் ஸ்டிக்கரில் வைத்தேன். அப்போதுதான் அவன் கையை நீட்டினான். சுவிட்ச் பக்கம் போனது போலிருந்தது. அவன் சர்வரை நிறுத்தப்போகிறான் என்று எனக்குப் பட்டது.

ஆத்திரத்தில் அடித்தாயா என்று கேட்டீர்கள். இல்லை. புதிய டிஸ்க்கை ஸ்பாஞ்சுப் பெட்டியில் வைத்து மூடி, மேசையின் நடுவில் தள்ளி வைத்தேன். லேசாகத் தட்டினாலே கெட்டுப்போகும் பொருள் அது. பிறகு சுவரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைக் கழற்றினேன். அவன் குனிந்து இழுப்பறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் அடி காதுக்குப் பின்னால். ஈரப்பலகை பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். முழங்காலிட்டு விழுந்தவன் திரும்பிப் பார்த்து, "அண்ணே," என்றான். இரண்டாவது அடி வாயில் பட்டது; பற்கள் தரையில் சிதறின. மூன்றாவது சரியாக விழவில்லை. பட்டையின் வயர் கையைப் பின்னுக்கு இழுத்ததால் தோளில் பட்டு எலும்பு முறிந்தது. ஆகவே வயரைக் கழற்றிவிட்டு நான்காவதை அடித்தேன். சர்வரின் முகப்பில் ரத்தம் தெறித்திருந்தது. ரத்தத்தில் மின்சாரம் பாயும்; உள்ளே இறங்கினால் ஆபத்து. அவன் சட்டையாலேயே துடைத்தேன். வயரைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

பிறகு வேலையை முறைப்படி செய்தேன். நான்காம் ஸ்டிக்கரை ஓர் அங்குலம் இழுத்து, அரை நிமிடம் காத்திருந்து, முழுதாக எடுத்தேன். புதியதைச் செருகிக் கொக்கியைப் போட்டேன். பழைய தகவலெல்லாம் அதில் ஏற ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். திரை அசையாமல் இருந்தது. உள்ளே காற்றாடி சீராக ஓடிக்கொண்டிருந்தது.

நாகையா உடனே சாகவில்லை. தொண்டையில் குமிழி உடைகிற மாதிரி மூச்சு வந்து போனது. ஒரு தடவை என் கால்சட்டை நுனியைப் பிடித்தான். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம் என்கிறீர்கள். அந்த அறையில் இருப்பது ஒரே ஒரு டெலிபோன் லைன். கிள்ளான் கிடங்குக்கு இணைப்பு போவதும் அதில்தான். ரிசீவரைத் தூக்கினால் இணைப்பு அறுந்துவிடும். சர்வர் ஓடும்போது அப்படிச் செய்யக் கூடாது. அடுத்த அறையில் பூமணியின் டெலிபோன் இருந்தது உண்மைதான். சர்வரை விட்டுவிட்டு எழுந்து போவது முறையில்லை.

ஒன்றரைக்குச் சத்தம் நின்றது. மூக்கருகே விரல் வைத்து அரை நிமிடம் பார்த்தேன். சுழற்சி அடங்கியிருந்தது.

இரண்டு மணிக்குப் பலகையில் அறுநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். இரண்டே முக்காலுக்குப் பூமணி வந்து கதவைத் திறந்தாள்.

உங்கள் நிபுணர் என்னவோ எழுதிக் கொடுத்திருக்கிறாராம். நான் நல்ல டிஸ்க்கை இழுத்துவிட்டேனாம். இழுத்த நொடியே, பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு, சர்வர் செத்துவிட்டதாம். திரை அசையாமல் இருந்தது அதனால்தானாம். கிள்ளான் இணைப்பும் அப்போதே அறுந்துபோய், எண்பது லோரியும் துறைமுக வாசலில் நின்றனவாம். காற்றாடிக்கு மட்டும் மின்சாரம் இருந்ததாம். அவர் அந்த அறையில் இருக்கவில்லை. நான் இருந்தேன்.

முதல் அடிக்கு முன்னால் நாகையா என்ன சொன்னான் என்று காலையிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. அவன் கை சுவிட்ச் பக்கம் போகவில்லை. ஸ்டிக்கர் பக்கம் போனது.

"அண்ணே, அது இல்ல. போன வாரம் ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டேன், சீரோலேர்ந்து. உங்க எழுத்து மாதிரியே எழுதினேன், நீங்க மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. இப்ப மூணுன்னா மூணுதான்," என்றான். காட்டுவதற்காகக் குனிந்தான்.

"தெரியும்," என்றேன். அப்புறம்தான் புதிய டிஸ்க்கைப் பெட்டியில் வைத்தேன்.

ஆகவே எது கெட்டது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் ஸ்டிக்கரை இழுத்திருந்தால் அவன் சொன்னது சரி என்றாகியிருக்கும். சரியாகச் சொன்ன ஒருவனை நான் எதற்கு அடித்தேன் என்ற கேள்வி வந்திருக்கும். அதனால்தான் நான்கை இழுத்தேன்.

பலகையில் இருப்பதை யாரும் அழிக்க வேண்டாம் என்று பூமணியிடம் சொல்லிவிடுங்கள், சார். இன்று இரண்டு மணிக்கு அறுநூற்றுப் பதினாறு.