தலை சீவாத படம்

அக்கா: முதல்ல நெட்ல போட்ட அந்தப் போட்டோவை எடு. அப்புறம் பேசறேன்.

தங்கை: மெதுவாக்கா... இது ஆஸ்பத்திரி. உன் ஸ்கூல் வராந்தா இல்லை.

அக்கா: ஸ்கூலைப் பத்திப் பேசாதே! காலையில ஸ்டாஃப் ரூம்ல கணக்கு டீச்சர் போனை நீட்டி, "இது உங்க அப்பாவா மேடம்?"ங்கறாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் நான்... மூஞ்சியை எங்கே வெச்சுக்கறது?

தங்கை: அப்பாவுக்கு உடம்பு சரியில்லேன்னா உனக்கு என்னக்கா வெக்கம்?

அக்கா: வெக்கம் எனக்கு இல்லைடி, அவருக்கு! நாப்பது வருஷம் ஸ்டுடியோ வெச்சிருந்த மனுஷன். பாஸ்போர்ட் படத்துக்கு வந்தவனைக்கூடத் தலை சீவி, காலரை இழுத்து விடாம கேமராவைத் தொட மாட்டாரு. அவரை... வாயைத் திறந்துக்கிட்டு, மூக்குல குழாயோட, சட்டைப் பட்டன்கூடப் போடாம...

தங்கை: அதைப் பாத்துட்டு எத்தனை பேர் பிரார்த்தனை பண்றாங்க தெரியுமா?

அக்கா: ஒருத்தன் சிரிக்கிற பொம்மை போட்டிருக்கான்!

தங்கை: கை தவறி அமுக்கியிருப்பான்...

அக்கா: எண்ணூறு லைக்! பெத்த அப்பனைக் காட்சிக்கு வெச்சு வாங்கின லைக்!

தங்கை: ஆமா, வாங்கினேன். பதினெட்டு நாளா தையல் கடையைப் பூட்டிட்டு இந்த இரும்பு நாற்காலியில உக்காந்திருக்கேன். நீ ஒரு நாள் வந்தியா? ஒரு போன்...

அக்கா: ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் கேமராவைத் தூக்கிட்டு ஓடினவரு, என் கல்யாணத்துக்கு மட்டும் வரலை. என் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்டேனாம். மறந்துட்டியா?

தங்கை: மறக்கலை. அது உனக்கும் அவருக்கும். நான் என்ன பண்ணினேன்? முகம் தெரியாதவங்க கேக்கறாங்க, நான் சாப்பிட்டேனான்னு. அதுக்குத்தான் போட்டேன்... போதுமா?

அக்கா: ஓஹோ. போன வாரம் அவர் கை வீங்கினதைப் போட்டியே, அதுவும் அதுக்குத்தானா?

தங்கை: ...எந்தக் கை?

அக்கா: ஊசி குத்தியிருந்த இடது கை.

தங்கை: அது என் ஃப்ரெண்ட்ஸ் மட்டும் பாக்கற மாதிரி போட்டது. நீதான் மூணு வருஷமா என்னை பிளாக் பண்ணி வெச்சிருக்கியே... எப்படிப் பாத்தே?

அக்கா: யாரோ... காட்டினாங்க.

தங்கை: அக்கா, என் மூஞ்சியைப் பாரு. என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்ல பூனைப் படம், "மழைச்சாரல்"னு ஒரு பேரு... தினம் மத்தியானம் ஒண்ணரைக்கு "சாப்பிட்டியா"ன்னு கேக்கறது...

அக்கா: பேச்சை மாத்தாதே.

தங்கை: ஒண்ணரைக்குத்தானே உங்க ஸ்கூல்ல சாப்பாட்டு மணி?

அக்கா: ஆமா, நான்தான்! இப்ப என்னங்கறே? நேர்ல கேக்க வாய் வரலை... அதுக்காக அவரை அந்தக் கோலத்துல ஊருக்கே காட்டுவியா? உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?

தங்கை: எனக்கு வரலைக்கா. முடியாதுன்னு ரெண்டு நாள் சண்டை போட்டேன்.

அக்கா: யாரோட?

தங்கை: அப்பாவோட. "எப்படியும் அவ கண்ணுல படும். நல்லா இருக்கற மாதிரி போட்டா, பாத்துட்டு சும்மா இருந்துடுவா. அலங்கோலமா எடு... திட்டறதுக்காவது வருவா"ன்னாரு. உள்ளே முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு. போய்த் திட்டு.