கைக்காப்பு விற்ற கதை

உங்கள் மின்விசிறியின் மூன்றாவது இறக்கையில் ஒரு திருகு தளர்ந்திருக்கிறது, ஐயா. இன்று நாளை விழாது, இரண்டு மாதம் தாங்கும். ஆனாலும் அதற்கு நேர் கீழே எழுத்தரை உட்கார வைத்திருக்கிறீர்கள். அவரைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் நகரச் சொல்லுங்கள். அவ்வளவுதான். இப்போது எனக்கு நிம்மதி. கேளுங்கள், சொல்கிறேன்.

தகடு அடிக்கும் தொழிற்சாலையில் முப்பத்துநான்கு வருடம் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவன் நான். எறும்பு இருமினால்கூட எந்த மெஷினுக்கு அடியில் இருமுகிறது என்று சொல்லிவிடுவேன். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, கைக்கடிகாரம் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள். மறுநாள் காலையிலிருந்து என் பேச்சைக் கேட்க வீட்டில் ஓர் இட்டலித் தட்டுகூட தயாராக இல்லை. எரிவாயுக் குழாயை ஒரு நாளைக்கு ஏழு தடவை பரிசோதித்தேன். மாடிப்படியில் ஏறுகிறவர்களைக் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "சும்மா இருக்கறதுக்கும் ஒரு தெறமை வேணும்ங்க. அது உங்ககிட்ட சுத்தமா இல்ல."

அப்படி இருந்த என்னைத்தான் மாப்பிள்ளை வந்து கூப்பிட்டார். என் ஒரே மகளின் கணவர். தங்கமான மனிதர். மூளை அவருக்குத் தலைக்குள் அடங்காமல் காது வழியாக வழியும். அவர் ஒரு காப்பு கண்டுபிடித்திருந்தார். மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் பட்டை, மெஷினில் பொருத்தும் சிறு பெட்டி, இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். காப்பு போட்ட கை ஆபத்தான இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். காப்பில் பச்சை விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

"மாமா, பொருள நான் காட்டிடுவேன். ஆனா அவங்களுக்கு மொதல்ல பயம் வரணும். அது உங்களாலதான் முடியும்" என்றார் மாப்பிள்ளை.

"பயமா? அப்பா வாயத் தெறந்தா பூகம்பமே உக்காந்து கேட்டுட்டுத்தான் போகும்" என்றாள் மகள்.

ஆக எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் முதலில் நான் பேசுவேன். பிறகு மாப்பிள்ளை பிரஸ் மெஷினில் ஒரு வெள்ளரிக்காயை வைத்து நசுக்கிக் காட்டுவார். பிறகு காப்பைப் போட்டுக்கொண்டு, மிதிகட்டையை அழுத்தியபடி தன் கையையே உள்ளே நீட்டுவார். மெஷின் பாதியில் நிற்கும். எல்லோரும் கைதட்டுவார்கள்.

நான் கொஞ்சம் மிகைப்படுத்துகிறவன். ஒப்புக்கொள்கிறேன். ஒரு தொழிலாளியின் மூக்கு அறுந்து அட்டைப்பெட்டிக்குள் விழுந்து, பெட்டியோடு கப்பலேறிப் போய், பிரித்தவர் முகத்தில் தும்மியது என்று ஒரு கதை வைத்திருந்தேன். முதல் இரண்டு இடங்களில் நன்றாகவே எடுபட்டது. ஆனால் சிரித்தார்களே தவிர, யாரும் காப்பு வாங்கவில்லை. மாப்பிள்ளையின் தொழிலில் பணம் போட்டவர்கள் ஒரு வருடக் கெடு வைத்திருந்தார்கள். அதற்குள் இருபது தொழிற்சாலைகள் சேராவிட்டால் கடையை மூடவேண்டியதுதான். ஐந்து மாதத்தில் ஒன்றுகூடச் சேரவில்லை. கடை மூடினால் நான் மறுபடி எரிவாயுக் குழாயிடம் போகவேண்டும்.

மூன்றாவதாகப் போனது அட்டைப்பெட்டித் தொழிற்சாலை. அதன் முதலாளி அறையில் வைத்திருந்த குளிருக்குப் பனிக்கரடி வந்தாலும் கம்பளி கேட்கும். என் பேச்சின் நடுவே அவர் ஒரு கொட்டாவி விட்டார். மேஜைமேல் இருந்த காகிதமெல்லாம் உள்ளே போய்விடும் என்று பயந்தேன். பிறகு கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

"பெரியவரே, கதை பிரமாதம். ஆனா எங்க இடத்துல பதினோரு வருஷமா ஒருத்தனுக்கு நகம்கூட பேந்ததில்ல. இது எதுக்கு எனக்கு?"

யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நான் சொன்னதெல்லாம் கதை. அவருக்குத் தேவைப்பட்டது செய்தி.

அட்டை வெட்டும் அந்தப் பிரஸ்களில் இரண்டு பொத்தான்கள் இருக்கும், ஐயா. இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் உள்ளே மாட்டுவதற்குக் கை ஏது? அதுதான் ஏற்பாடு. ஆனால் அவசரக்காரர்கள் ஒரு பொத்தானின் இடுக்கில் இரும்பு வாஷரைச் செருகி அழுத்தியபடியே நிறுத்திவிடுவார்கள். ஒரு கை மிச்சமாகும், வேலை இரட்டிப்பாகும். அப்படிச் செருகிய வாஷர்களைப் பிடுங்கிப் பிடுங்கியே என் தலைமுடி நரைத்தது. பிடுங்கியதையெல்லாம் உருக்கினால் ஒரு ரயில் செய்யலாம்.

இலவசமாகப் பரிசோதனை செய்து தருகிறேன் என்று சொல்லி அங்கே இரண்டு நாள் போனேன். இரண்டாவது பிரஸ்ஸில் ஒருவர் முணுமுணுவென்று பாடிக்கொண்டே வேலை செய்வார். பாட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். மிகவும் நிதானமானவர், வாஷர் செருகத் தெரியாதவர். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். என் சட்டைப்பையிலிருந்தே ஒரு வாஷரை எடுத்துக் கொடுத்தேன்.

"இது தப்பில்லையா சார்?" என்று கேட்டார்.

"முப்பத்துநாலு வருஷம் இதையே பாத்தவன் சொல்றேன். பழகிட்டா ஒண்ணும் ஆகாது" என்றேன்.

பன்னிரண்டு நாள் ஆனது. வலது கையில் நான்கு விரல்கள். கட்டைவிரல் தப்பியது. விரல்கள் அட்டையோடு சேர்ந்து பெட்டி வடிவில் வெட்டுப்பட்டிருந்ததால் மீண்டும் ஒட்டவைக்க மருத்துவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை அந்த முதலாளி அறுபது காப்புகளுக்குச் சொல்லியனுப்பினார். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: அதற்குப் பிறகு அங்கே ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பாட்டுக்காரரைப் பார்க்கப் போனேன். "உங்க மேல தப்பே இல்ல சார். நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். அந்தப் பணிவு என்னை உலுக்கிவிட்டது. கண் கலங்கித்தான் வெளியே வந்தேன்.

அதன்பிறகு என் பேச்சே மாறிவிட்டது. மூக்கு கப்பலேறிய கதையை விட்டுவிட்டேன். பாட்டுக்காரர் கதையைச் சொன்னேன், ஒரு சொல்கூடக் கூட்டாமல். வெட்டுப்பட்ட கையுறையைத் தூக்கிக் காட்டினேன். அரங்கில் ஈ பறந்தால் அதன் இறக்கைச் சத்தம் கேட்டது. ஆனால் கதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நாலு மாதத்தில் பழையதாகிவிடும். எங்கோ யாருக்கோ நடந்தது என்று ஆகிவிடும்.

மரம் அறுக்கும் பட்டறையில் ரம்பத்தின் மேல்மூடியில் மூன்று திருகுகளைப் பாதிவரை தளர்த்தி நிறுத்தி வைத்தேன். அறுக்கும்போது அதிர்வில் மூடி எழும்பியது. அறுத்துக்கொண்டிருந்தவரின் கை மணிக்கட்டோடு போனது. வெட்டு சுத்தமாக இருந்ததாம். கை கீழே விழுந்த பிறகும் மரக்கட்டையைப் பிடித்தபடியே இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். இது நான் மிகைப்படுத்தியதல்ல.

அதன் பிறகு ஐந்து பட்டறைகள் சேர்ந்தன.

ரப்பர் அரைக்கும் தொழிற்சாலையில் இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். தலைக்குமேலே ஒரு கயிறு ஓடும். மாட்டிக்கொண்டால் எட்டி இழுத்தால் உருளை நிற்கும். அந்தக் கயிற்றின் மறுமுனையைக் கொக்கியிலிருந்து கழற்றி, பக்கத்துக் குழாயில் பார்வைக்குச் சரியாக இருக்கும்படி கட்டினேன். உருளையில் நின்றவரை வாத்தியார் என்று கூப்பிடுவார்கள். மதிய இடைவேளையில் எல்லோருக்கும் செய்தித்தாள் படித்துக் காட்டுவார். ஒன்பதாம் நாள் அவருடைய சட்டைக் கை ரப்பரோடு ஒட்டி உள்ளே போனது. அவர் கயிற்றை இழுத்திருக்கிறார், பலமுறை இழுத்திருக்கிறார். யாரோ ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்த நாற்பது விநாடி ஆனது. உருளைகள் தோள்பட்டையையும் தாண்டிவிட்டன. மனைவி அவரை அடையாளம் காட்டியது செருப்பை வைத்து.

அந்த ஒரு சாவு நான் எதிர்பார்க்காதது. கைவரைக்கும்தான் என் கணக்கு. ஆனால் அதற்குப் பிறகு பதினொரு தொழிற்சாலைகள் தாங்களாகவே எங்களைத் தேடி வந்தன. ஆயிரத்து இருநூறு பேர் கையில் காப்பு ஏறியது. இரண்டு கை, ஓர் உயிர் ஒரு பக்கம். இரண்டாயிரத்து நானூறு கை மறுபக்கம். நீங்களே நிறுத்துப் பாருங்கள்.

மரப் பட்டறைக்கு நான் போவதற்கு முன்பே மாப்பிள்ளை காப்பை மேலும் மெருகேற்றியிருந்தார். யார் எங்கே நின்றார், எத்தனை நேரம் நின்றார், கை எந்தப் பக்கம் அசைந்தது என்று அதுவே குறித்து வைத்துக்கொள்ளும். முதலாளிகளுக்கு அதுதான் வெல்லக்கட்டி. தொழிலாளியின் விரலைக் காப்பாற்றும் என்றால் யோசித்தவர்கள், யார் எத்தனை நிமிடம் தலை சொறிந்தார் என்று காட்டும் என்றவுடன் வரிசையில் நின்றார்கள். புதுக் காப்பை முதலில் மாட்டிப் பரிசோதித்தது நான்தான். பெருமை, ஐயா. குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. அது குறித்துக்கொள்வது மற்றவர்களைத்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பிற்பகலில் மாப்பிள்ளை தன் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மறுநாள் மிகப்பெரிய செயல்விளக்கம், இருநூறு பேர் முன்னால். அதைப் பற்றிப் பேசத்தான் என்று நினைத்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மாமா, மரப் பட்டறையில மதியச் சாப்பாட்டு நேரம். ரம்பத்துக்கிட்ட பதினாலு நிமிஷம் தனியா நின்னிருக்கீங்க."

"பரிசோதனைக்குத்தானே போனேன், மாப்பிள்ளை."

"உங்க மணிக்கட்டு இடது பக்கமா திரும்பியிருக்கு மாமா. திரும்பத் திரும்ப, முப்பத்திமூணு தடவ. திருகு முடுக்கறவங்க கை வலது பக்கம்தான் திரும்பும்."

நான் காப்பின்மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"ரப்பர் கம்பெனிலயும் பாத்தேன். கை தலைக்கு மேல இருந்திருக்கு." அவர் திரையை அணைத்தார். "அந்த வாத்தியாருக்கு ரெண்டு பொண்ணுங்க மாமா. நாளைக்கு வேலைய முடிச்சிட்டு நாம ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடலாம். நான் உங்க கூடவே இருப்பேன். உங்களத் தனியா விடமாட்டேன்."

பாருங்கள், எவ்வளவு நல்ல மனிதர். ஆனால் தொலைநோக்கு இல்லை. சொல்லிவிட்டால் ஆயிரத்து இருநூறு பேரும் காப்பைக் கழற்றி எறிவார்கள். அத்தனை கையும் மறுபடி மெஷினுக்குள் போகும். அதை நான் அனுமதிக்க முடியுமா?

மெஷினில் பொருத்தும் அவருடைய பெட்டியில் ஒரு குறை இருந்தது. தனக்குத் தெரிந்த காப்பு எதுவும் அருகில் இல்லையென்றால், ஆளே இல்லை என்று நினைத்து மெஷினை ஓடவிட்டுவிடும். ஆரம்பத்திலேயே சொன்னேன். அடுத்த மாதம் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காப்புகளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. காப்பு செய்யும் எங்கள் பட்டறையில் வேறொரு பெட்டியும் இயங்கிக்கொண்டிருந்தது. அதனோடு இணைத்த காப்பை மறுநாள் அவர் கையில் மாட்டிவிட்டேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது, மைல்கணக்கில் தள்ளியிருந்த பெட்டியை நினைத்துக்கொண்டு.

கை மட்டும் போயிருக்க வேண்டும். மருத்துவமனையில் ஆறு மாதம் இருப்பார், மனம் மாறும் என்று நினைத்தேன். ஆனால் அன்று அவர் தூங்காமல் வந்திருந்தார். வெள்ளரிக்காய்த் துண்டு ஒன்று அச்சின் உள்பக்கம் ஒட்டியிருந்தது. அதைத் தள்ளிவிடுவதற்காகத் தலையையும் குனிந்தார். கால் மிதிகட்டையில் இருந்தது. எண்பது டன் பிரஸ். சத்தம் பெரிதாக இல்லை. முன்வரிசையில் இருந்தவர்களின் சட்டையெல்லாம் நனைந்தது. பின்வரிசைகளில் கைதட்டினார்கள். அதுவும் வித்தையில் சேர்ந்தது என்று நினைத்துவிட்டார்கள் பாவம்.

ஆமாம், ஐயா. நான்தான் செய்தேன். பாட்டுக்காரர், மரம் அறுத்தவர், வாத்தியார், என் மாப்பிள்ளை, நால்வரையும் நான்தான். திரையில் இருந்ததையெல்லாம் எடுத்துவந்து உங்கள் ஸ்டேஷனில் கொடுத்தது என் மகள் என்பதும் தெரியும். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. வெளியே அந்த பெஞ்சில் நாலு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், என் பக்கம் திரும்பவேயில்லை. நிதானமாக யோசித்தால் அவளுக்குப் புரியும். நான் எதையும் எனக்காகச் செய்யவில்லை. எல்லாம் மற்றவர்கள் கைகள் பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காக.

அன்றைக்கும் அப்படித்தான். அச்சைத் தூக்க ஆள் போயிருந்தது, ஆம்புலன்ஸ் வரவில்லை. இருநூறு பேர் உறைந்துபோய் நின்றார்கள். அப்படி ஒரு நேரம் ஒரு பாதுகாப்பு மேற்பார்வையாளனுக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். ஒலிபெருக்கியை எடுத்தேன். பச்சை விளக்கை மட்டும் நம்பக்கூடாது, தினமும் சோதிக்கவேண்டும் என்பதில் ஆரம்பித்தேன். எப்போதும் எனக்குப் பத்து நிமிடம்தான் ஒதுக்குவார்கள், ஐயா. அன்று இருபத்தைந்து நிமிடம் பேசினேன். ஒருவர்கூடக் கைபேசியைப் பார்க்கவில்லை.