பிழைகளும் விடுபாடுகளும்

பட்டு நூலை எடை போடும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் தராசு ஆடும். என் அப்பா தனகோடி ஆரணியில் பட்டு முதலாளி. பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் உள்ள தறிகளுக்கு நூலை எடை போட்டுக் கொடுப்பார். புடவையாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார். கொடுத்ததும் வந்ததும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் நெய்தவன் எடுத்துவிட்டான் என்று அர்த்தம், கூலியில் பிடித்துவிடுவார். யாரையும் திட்டமாட்டார். பிடித்த கையோடு காபியும் கொடுப்பார்.

நானும் அந்த வேலையைத்தான் செய்தேன், தராசு மட்டும் கொஞ்சம் பெரிது. எங்கள் பழைய சாயப்பட்டறையை அலுவலகமாக்கிக்கொண்டு, சென்னையிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்காகப் பணக்கார நாடுகள் ஒன்றில் ஒன்று போடும் முதலீட்டை அளந்தேன். மூன்று மாதத்துக்கு ஓர் அட்டவணை. ஜெர்மனி அமெரிக்காவில் இவ்வளவு போட்டதாகச் சொல்லும்; அமெரிக்கா வேறொரு தொகை வந்ததாகச் சொல்லும். சேராத மிச்சத்தைக் கடைசி வரியில் 'பிழைகளும் விடுபாடுகளும்' என்று காட்ட வேண்டும். எனக்கு அந்த வரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். ஆறு வருடமாக, வாங்கிய நாட்டின் எண்ணைத் திருத்தித் திருத்தி அந்த வரியைப் பூஜ்யமாக்கினேன். ஹேமநாத் அட்டவணை மாதிரி சுத்தமான அட்டவணை கிடையாது என்று மேலிடத்தில் சொல்வார்கள். அந்தப் பேர் எனக்குப் பெரிய விஷயம்.

இளஞ்செழியனைப் போன வருடம் சரிபார்க்க அனுப்பினார்கள். முள்ளிப்பட்டு நெசவாளர் மகன், பொருளாதாரம் படித்தவன், மரியாதையானவன். இந்தச் சனிக்கிழமை பகலில் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினான்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா நிக்காதுண்ணா. ஜெர்மனியில கெளம்புற பணம் லக்சம்பர்க்ல எறங்கி, அங்கருந்து அமெரிக்காவுக்குப் போவுது. அமெரிக்கா அத லக்சம்பர்க் பணம்னு எழுதிக்கும். யாரும் திருடல. நீங்க திருத்துனதெல்லாம் எடுத்துட்டேன். திங்கக்கெழம அனுப்பிடறேன்."

அப்பாவின் எடைக் கணக்கை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சிரித்தான்.

"அவரு புடிச்சதும் இப்படித்தாண்ணா. பட்டு ஈரம் குடிக்கும். கார்த்திகை மழையில எடை போட்டுக் குடுத்து மாசி வெயில்ல வாங்குனா கொறையத்தான் செய்யும். எங்கப்பா கடசி வரைக்கும் திருடன்னு பேர் வாங்கிகினே பூட்டாரு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவன் என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னான். எனக்கு நெஞ்சு எரிந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனோம், குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடியது, தண்ணீர் ஏறவில்லை. தண்ணீர் வரவில்லையே என்று இரண்டு தடவை சொன்னேன். இறங்கச் சொல்லவில்லை. "கெணத்துக்குள்ள கொழாய் அடியில ஃபுட் வால்வுல பாசி அடைச்சிகினு இருக்கும்ணா, நான் பாக்கறேன்" என்று மோட்டாரை நிறுத்திவிட்டு அவனேதான் கொல்லைக் கிணற்றுத் தூணில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். படிகள் எப்போதோ சரிந்துவிட்ட கிணறு. குழாயும் வழுக்கும். அவன் தண்ணீருக்குள் முங்கியபோது கயிற்றை மேலே இழுத்துக்கொண்டேன். நனைந்தால் கயிறு வீணாகிவிடும்.

உள்ளே வந்து உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். "அண்ணா, கயிறு எங்க? இன்னா வெளையாட்டு இது?" என்றான். பின்தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, எங்கள் சுவரைத் தாண்டி எதுவும் கேட்காது. எனக்குக் கேட்டது. அவன் செல்போன் மேசைமேல் அடித்தது. அவன் மனைவி சரண்யா. போளூருக்குப் போயிருக்கிறான், போனை மறந்துவிட்டான் என்று சொன்னேன்.

நீங்கள் கேட்பதற்குமுன் நானே பிரித்துச் சொல்லிவிடுகிறேன். சரண்யாவிடம் சொன்னது பிழை, ஒப்புக்கொள்கிறேன். மற்றதெல்லாம் விடுபாடு. நான் அவனைத் தள்ளவில்லை, அடிக்கவில்லை. சிலவற்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான்.

மூன்று மணிக்குமேல் குரல் மாறியது. "அண்ணா, உங்க அட்டவணையே இருக்கட்டும்ணா. நான் ஒண்ணும் அனுப்பல. பாப்பாவுக்கு ரெண்டு வயசுண்ணா." அதற்குள் அவன் மாற்றியதையெல்லாம் நான் பழையபடி ஆக்கியிருந்தேன். அவன் சம்மதம் தேவைப்படவில்லை.

நாலு இருபதுக்குச் சத்தம் நின்றது. உடனே எழுந்து போய்க் கயிற்றை இறக்கினேன். நுனி தண்ணீரைத் தொடுகிறதா என்று குனிந்து பார்த்தே இறக்கினேன். ஐந்து நிமிடம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன்தான் பிடிக்கவில்லை. நான் காப்பாற்றப் பார்த்தேன் என்பதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.