வீட்டுப் பாத்திக் கீரை

கோழிக்குக் கீரையைத் தரையில் போடக் கூடாது. போட்டால் கிளறி, மிதித்து, பாதியை மண்ணாக்கிவிடும். கட்டாகக் கட்டி, அதன் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் தொங்கவிட வேண்டும். எட்டி எட்டிக் கொத்தித் தின்னும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் மனைவி ஆனந்தி. நீங்கள் கேட்பது அவளைப் பற்றித்தான் என்று தெரியும், மேடம். கோழியிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குக் கோவையாகச் சொல்ல வரும்.

வடமதுரைக்குக் கொஞ்சம் தள்ளி எனக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். கீரை, கத்தரி, அவரை போட்டுத் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறேன். ஆனந்தி திண்டுக்கல்லில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது கோழிகள் வைத்திருக்கிறாள். காலையில் பஸ்ஸுக்குப் போகும் முன் அவற்றைக் கவனித்துவிட்டுத்தான் போவாள். கோடையில் தர்பூசணித் தோல், மாம்பழக் காலத்தில் சதை ஒட்டிய கொட்டை, தை மாதத்தில் பரங்கி விதை. சிறுமலை வாழைப்பழம் கனிந்து கறுத்துவிட்டால் அதுவும் கோழிக்குத்தான். பக்கத்து வீட்டு அருளப்பன், ஆட்டோ ஓட்டுகிறவர், சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துச் சொல்வார்: “ஏப்பு வேலுசாமி, அடுத்த பெறவியில ஒங்க வீட்டுக் கோழியாப் பெறக்கணும்ப்பா. எம் பொண்டாட்டி எனக்கு இம்புட்டு வெஞ்சனம் வச்சதில்ல.”

தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காமல் நாலு பாத்தி தனியாக விடுவேன். அதை வீட்டுப் பாத்தி என்போம். நாங்கள் தின்பதும் கோழிகள் தின்பதும் அதிலிருந்துதான். மற்றப் பாத்திகளில் மருந்தடித்தால், நாள் கணக்குப் பார்த்து, வீரியம் போன பிறகுதான் பறிக்க வேண்டும். அந்தக் கணக்கில் நான் ஒருநாளும் தவறியதில்லை. என் கீரையால் மார்க்கெட்டில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஆனந்திக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை வந்தது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அங்கே அவள் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஜுரம் வந்தால் யாருமில்லாமல் கிடப்பாள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் மனம் நோவாள். அவளை நான் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. நீங்கள் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம்.

வாரச் சந்தையில் நாலு குஞ்சுக்கோழி வாங்கினேன். வீட்டுக் கோழிகளை அதற்குப் பயன்படுத்த மனம் வரவில்லை. தோட்டத்தில் கூடை போட்டுக் கவிழ்த்து வைத்து, மருந்தடித்த பாத்தியிலிருந்து பறித்துப் போட்டேன். மருந்தடித்த மறுநாளே பறித்த முதல் நாள் கீரையைத் தின்ற இரண்டும் பொழுது சாயும் முன் செத்தன. சில நாள் கழித்துப் பறித்ததைத் தின்றவை தலையைத் தொங்கப்போட்டன, மறுநாள் எழுந்து நடந்தன. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மனிதர்களும் மறுநாள் எழுந்துவிடுவார்கள் என்று தெரிந்துகொண்டேன்.

அவள் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் கீரை கடைந்து கொடுத்தேன். வாந்தி, தலைசுற்றல், கண்ணில் நீராக வடிந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நான் பக்கத்தை விட்டு நகரவில்லை. கஞ்சியை ஆற்றிக் கரண்டியால் ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க இல்லாட்டி நான் என்ன மாமா ஆவேன்” என்றாள். கல்யாணமாகி ஆறு வருடத்தில் நாங்கள் அவ்வளவு அன்னியோன்னியமாக இருந்தது அந்த நாலு நாள்தான். தஞ்சாவூர் வேலை கைவிட்டுப் போயிற்று. போன வருடம் சேலத்திலிருந்து இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே போனது.

இந்த முறை வந்தது அரசாங்க வேலை. நாகப்பட்டினத்தில், திங்கட்கிழமைக்குள் சேர வேண்டும். தவறினால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஆனந்தி பத்து நாளாகவே வீட்டில் ஒன்றும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை செய்யும் இடத்தில் சாப்பிட்டுவிட்டேன் என்பாள். பெட்டி கட்டி வைத்துவிட்டாள். எனக்கு நாள் பார்க்க நேரமில்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமை மருந்தடித்தேன். சனிக்கிழமை காலையில் பறித்தேன்.

ஆமாம் மேடம், முதல் நாள் கீரைதான். கொஞ்சமாகத்தான் வைக்க நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் தட்டில் சோறு போட்டுக் கீரையை ஊற்றினேன். அவள் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னையும் சாப்பிடச் சொன்னாள். எனக்கு வயிறு சரியில்லை என்றேன்.

“நான் ஊருக்குப் பொறப்படும்போதெல்லாம் நம்ம ரெண்டு பேருல ஒருத்தர் வயிறு கெட்டுப்போகுது” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு வாயாவது சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன். உருண்டை பிடித்து வாயருகே கொண்டுபோனேன். என் கையை மெதுவாக விலக்கிவிட்டுத் தட்டோடு எழுந்தாள். பின்கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்ததும் ஒன்பது கோழியும் ஓடி வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டன. மிச்சச் சோறு தினமும் அவற்றுக்குத்தானே. அவள் தட்டைச் சாய்த்தாள். சாய்த்தபடியே என்னைப் பார்த்தாள்.

நான் எழுந்து ஓடினேன். அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

“வேணாம் புள்ள. கோழிக்கு ஆகாது.”

ஆனந்தி கத்தவில்லை. தட்டை நேராக நிமிர்த்தினாள். ஒரு பருக்கை கீழே விழவில்லை.

“கோழிக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகுமா மாமா?”

உப்பு கூடிவிட்டது, அதனால் சொன்னேன் என்றேன். அவள் சோற்றையும் கீரையையும் டிபன் பாக்ஸில் போட்டு மூடினாள். சட்டியில் மிச்சமிருந்ததையும் வழித்துப் போட்டுக்கொண்டாள். கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். அருளப்பன் ஆட்டோவைக் கூப்பிட்டு ஏறிப் போனாள். அந்த டிபன் பாக்ஸ்தான் இப்போது உங்கள் மேஜையில் இருப்பது. பரிசோதனைக்கு அனுப்ப வேண்டியதில்லை. நானே சொல்லிவிட்டேன், கையெழுத்தும் போடுகிறேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள் மேடம். அந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று சந்தேகப்பட்டுக்கொண்டே அவள் அதைக் கோழிகளின் முன்னால் சாய்த்தாள். வாயில்லாத ஜீவன்கள் என்று தடுத்தது நான். எங்கள் இரண்டு பேரில் யாருக்கு மனசில் ஈரம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை விடிகாலை பஸ்ஸில் கிளம்புகிறாளாம். கோழிகளை அருளப்பன் வீட்டில் விட்டுவிட்டாள் என்று ஏட்டையா சொன்னார். போகட்டும், நான் தடுக்கவில்லை. நாகப்பட்டினம் தூரம், வழியில் ஓட்டல் சாப்பாடு அவள் உடம்புக்குச் சேராது. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒரு போலீஸ்காரரைக் கூடவே அனுப்பி, ஒரு மணி நேரம் மட்டும் என்னை வீட்டுக்கு விடுங்கள். வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன்.