எடைக் கொட்டகையில ஒரு நிமிசம்

மொதல்ல எனக்கு அநியாயம் பண்ணுனது காளிமுத்துங்க. உங்க டைரக்டரு ரெண்டாவது. நடிக்க வந்த நவநீதன் மூணாவது. இந்த வரிசையை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க அம்மணி, ஏன்னா தோட்டத்துல ஆளாளுக்கு மாத்திச் சொல்லுவாங்க...

என்னங்க? ஒரு நிமிசம் பேசாம இருக்கோணுமா? இருக்கறேன், இருக்கறேன். அதுக்குத்தானே கொட்டகையைத் தொறந்து விட்டிருக்கறேன். இருந்தாலும் ஒண்ணு கேக்கறனுங்க. சென்னையிலருந்து ரயிலேறி, பஸ்ஸேறி, இத்தாப்பெரிய பொட்டியும் மைக்குமா இந்த எடைக் கொட்டகைக்கு வந்தது, இங்க யாருமே பேசாத சத்தத்தைப் பிடிச்சுட்டுப் போறதுக்கா? சென்னையில அது கெடைக்கறதில்லையா? ...ஓ. இங்க எடுத்த படத்துக்கு இங்கத்த அமைதிதான் ஒட்டுமா. பேச்சுக்கும் பேச்சுக்கும் நடுவுல வெச்சு ஒட்டறதுக்கு. செரி, செரி. அமைதியில கூட ஊருக்கு ஒரு ரகம் இருக்குதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது.

நான் வெளிய போயி நிக்கறதா? அது ஆகாதுங்க. வெளியாளை உள்ள ஒத்தையில விடக்கூடாதுன்னு மேனேசர் உத்தரவு. போன மாசம் ஒரு கரடி கதவைத் தள்ளிட்டு வந்து, நீங்க பொட்டி வெச்சிருக்கீங்களே, அந்த எடத்துலதான் படுத்திருந்துச்சு. நான் ரிடையராகி எட்டு வருசமாச்சு, சாவி மட்டும் என்னையே சுத்திட்டு இருக்குது. முந்தியெல்லாம் சாயங்காலமானா இங்க ஒரே கூட்டம், தேயிலைக் கொழுந்து எடை போட. இப்பக் காட்டுலயே பேட்டரித் தராசை வெச்சு முடிச்சுடறாங்க. அப்புறம் இந்தக் கொட்டகை எதுக்கு? சினிமாவுக்குத்தான்.

நேராச் சொல்லிப்போடறேன் அம்மணி. உங்களுக்கு ஒரு நிமிசம் வேணும். எனக்கும் ஒண்ணு வேணும். என்ற பதிலைப் பிடிச்சு, படத்துல கடைசியா ஒட்டோணும். அது ஆகறவரைக்கும் என்ற வாய் நிக்காது. மிரட்டறனா? ச்சே ச்சே. கதவைச் சாத்துனது குளிருக்குங்க.

படம் எடுக்கறப்ப சவுண்டுக்கு வந்தது வேற ஒரு பையன். நீங்க புதுசு, அதனால சொல்றேன். உங்க டைரக்டரு அஸ்வந்து என்னைக் குன்னூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலதான் பார்த்தாரு. நான் கடைக்காரன்கிட்ட ஒரு நியாயத்தைச் சொல்லிட்டு இருந்தேன். தம்பி முக்கால் மணி நேரம் நின்னு கேட்டாரு. நம்ம பேச்சையும் ஒரு மனுசன் கேக்கறானேன்னு எனக்குக் கண்ணே கலங்கிப்போச்சு. கடைசியா பக்கத்துல வந்து என்ன சொன்னாரு? "ஐயா, என் படத்துல உங்களுக்கு வசனமே கெடையாது."

ரெண்டே பேருங்களாம். ஒரே கொட்டகையாம். ஒரு பொம்பளைக்கு நடந்த கொடுமையைப் பார்த்துட்டு, பார்க்கலைன்னு சொல்ற ஆளை நாற்காலில கட்டிவெச்சு, ஒருத்தன் கேள்வி கேட்டுட்டே இருப்பானாம். கேக்கறது நவநீதன். கட்டுப்பட்டது நான். ஏனுங்க, வாயே மூடாத என்னைப் போயி எதுக்குன்னு கேட்டேன். "பேசாத ஆளு கம்முனு இருந்தா கேமராவுல ஒண்ணும் தெரியாதுங்கய்யா. பேசற ஆளு கம்முனு இருந்தாத்தான் மூஞ்சில எல்லாம் தெரியும்"னாரு. பதினாறு நாளு. ஊட்டுலயும் பேசக்கூடாதுன்னு கண்டிசன். என்ற ஊட்டுக்காரி அந்தப் பதினாறு நாளும் மத்தியானத்துல நிம்மதியாத் தூங்குனா. முடியற அன்னைக்கு டைரக்டருகிட்டப் போயி, "ஏனுங்க, ரெண்டாவது பாகம் எப்பங்க?"ன்னு கேக்கறா.

கேள்வியெல்லாம் எழுதிவெச்சதுன்னுதான் நான் நெனைச்சுட்டு இருந்தேன். ரெண்டு நாள் அப்படித்தான் போச்சு. மூணாம் நாளு நவநீதன் என்ற மூக்குக்கு நேரா வந்து நின்னான். "பேச்சி இடுப்பு ஒடைஞ்சப்ப நீ எங்கடா நின்னே?" அம்மணி, பேச்சி கதையில இல்லைங்க. பேச்சி எங்க லைன் ஊட்டு வரிசையில நாலாவது ஊடு. காளிமுத்து சம்சாரம். டைரக்டரு காளிமுத்து ஊட்டுத் திண்டுல உக்காந்து டீ குடிச்சு, அவன் சொன்னதையெல்லாம் வாங்கிட்டு வந்து நவநீதன் வாயில குடுத்திருக்காரு. என்ற மூஞ்சி மாறோணுமாமா. மத்தியானமானா அதே நவநீதன், "சாப்பிடுங்கய்யா, மனசுல வெச்சுக்காதீங்க"ன்னு அவன்ற முட்டையை எடுத்து என்ற தட்டுல வெப்பான். சாப்பிட்டுக் கை கழுவி வந்தா மறுபடியும் "சொல்லுடா பாவி." அந்த முட்டையெல்லாம் எனக்கு இன்னும் செரிக்கலைங்க. கயிறு சும்மா பேருக்குத்தான் கட்டியிருந்துச்சு. அவுத்துப்போட்டு எந்திரிச்சிருக்கலாம். ஒத்துக்கிட்டமேன்னு உக்காந்திருந்தேன்.

நடந்தது என்னன்னா... பத்தொம்பது வருசமாச்சுங்க. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுல பொம்பளைங்க கொழுந்து எடுத்துட்டு இருந்தாங்க. நான் வாட்சரு. மேட்டுல நின்னு காட்டுமாடு வருதான்னு பார்க்கோணும். வந்தா தகரத்தைத் தட்டிக் கத்தோணும். கத்தறதுக்குச் சம்பளம்! எனக்குன்னே செஞ்ச வேலை. அன்னைக்கு மாடு பேச்சியை முட்டித் தூக்கி வீசிருச்சு. மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தா. இன்னைக்கும் தடி ஊனித்தான் நடக்கறா. "கந்தன் பார்த்துட்டே நின்னான், வாயைத் தொறக்கலை." இது காளிமுத்து கட்டிவிட்டது. அன்னையிலருந்து நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. மேகம் எறங்கிருச்சு, கையை நீட்டுனா கை தெரியலை. பாதித் தோட்டம் அவனை நம்புச்சு, பாதி என்னை நம்புச்சு. பொழப்பு ஓடிட்டு இருந்துச்சு.

போன மாசம் தோட்டத்துக் கிளப்புல எங்களுக்கெல்லாம் படத்தைப் போட்டுக் காட்டுனாங்க. ஒன்றரை மணி நேரம் அவன் கேக்கறான், நான் முழிக்கறேன். லைட்டு போட்டப்ப ஒருத்தரும் என்ற மூஞ்சியைப் பார்க்கலை. பேச்சி மட்டும் தடியை ஊனி எந்திரிச்சு, சித்தெ நேரம் பார்த்துட்டே நின்னா. அப்புறம் போயிட்டா. இப்ப டீக்கடை பெஞ்சுல நான் உக்காந்தா மத்தவங்களுக்கு வேலை ஞாபகம் வந்துருது. என்ற ஊட்டுக்காரி கூட நேத்து, "மேகம்னுதானே சொன்னீங்க?"ன்னு கேட்டா. பத்தொம்பது வருசத்துல கேக்காதவ. படம் வெளிய வந்துட்டா உலகம் பூரா அந்த மூஞ்சியைத்தானே பார்க்கும்? அதுக்குத்தான் பதில் வேணுங்கறேன்.

என்னங்க? கடைசி நாளு என்னைப் பேசச் சொன்னாங்களாமா? யாரு சொன்னா உங்களுக்கு? ...சொன்னாரு. இல்லைங்கலை. கேமராவை ஓட விட்டுட்டு, "ஐயா, இப்பப் பேசுங்க, மனசுல இருக்கறதைக் கொட்டுங்க"ன்னாரு. எனக்கு வந்துது பாருங்க கோவம். பதினஞ்சு நாள் என்ற வாயைப் பூட்டிவெச்சு, அவரு சொன்ன நேரத்துக்குத் தொறக்க இது என்ன தண்ணிக் குழாயா? தொறக்கலை. கம்முனு உக்காந்துட்டேன். ஏழு நிமிசம். பெரமாதம், இதுதான் படத்தோட முடிவுன்னு எல்லாரும் கை தட்டுறாங்க! அதுல பாருங்க, அதுவும் அவங்களுக்கே லாபமாப் போச்சு.

பதிலைப் பிடிச்சுக்கறீங்களா? டைரக்டருகிட்டயும் சொல்றீங்களா? நல்ல பொண்ணுங்க நீங்க. மைக்கை இன்னும் கிட்டக் கொண்டாங்க. செவப்பு லைட்டு எரியுதா? செரி.

நான் கந்தன் பேசறேன். ஏழாம் நம்பர் வாட்சரு. அன்னைக்குக் காலையில பத்து மணி இருக்கும். மேகம் சுத்தமா மூடிருச்சு. பேச்சி எங்க நிக்கறா, மரம் எங்க நிக்குதுன்னு ஒண்ணும் தெரியலை. இது சத்தியம். நான் கெட்டவன் இல்லைங்க. அந்த மாடு லேசுப்பட்ட மாடும் இல்லை. கூட்டத்துல சேராத ஒத்தை. எடது கொம்பு பாதியோட ஒடைஞ்சது. ஓடையைத் தாண்டி மெதுவா மேல ஏறி, சவுக்கு மரத்துல ரெண்டு தரம் ஒடம்பைத் தேய்ச்சுப்போட்டு, பேச்சிக்குப் பின்னால வந்து பத்தடியில நின்னுச்சு. நின்னு தலையை ஆட்டுது. அவ தலையில நீலத் துண்டைக் கட்டிட்டு, அவ பாட்டுக்குக் கொழுந்து கிள்ளிட்டு இருக்கறா. அப்பிடிப்பட்ட மாட்டை மேகத்துல யாரு...

என்னங்க அம்மணி? இன்னொருக்கா கேளுங்க.

மேகத்துல ஒடைஞ்ச கொம்பு எப்படித் தெரிஞ்சுதுன்னா... அது வந்துங்க...

. . . . .

. . . . .

பொட்டியை எதுக்குங்க மூடறீங்க? கெடைச்சிருச்சா? என்ன கெடைச்சிருச்சு? நானா? நான் ஒரு நிமிசமா கம்முனு இருந்தேன்? ...ஒரு நிமிசம் இருவது செகண்டா!

இருங்க இருங்க. அதைத் தொறங்க. இப்பத்தானே பேசப் போறேன். பார்த்தேன். போதுமா? நல்லாப் பார்த்தேன். ஆனா எதுக்கு வாயைத் தொறக்கலைன்னு யாராச்சும் ஒருத்தரு கேட்டாங்களா? நவநீதன் பதினாறு நாள் கேட்டான், அதைக் கேக்கலை. மாடு முட்டறதுக்கு மூணு நாள் முன்னாலங்க, காலையில வேலை பிரிக்கற எடத்துல அறுவது பேரு நிக்கறாங்க. நான் ஏதோ சொல்லிட்டு இருந்தேன். காளிமுத்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "கந்தா, நீ வாயை மூடுனா இந்தத் தோட்டமே செழிக்கும்டா"ன்னான். அறுவது பேரும் சிரிச்சாங்க. பேச்சியும்தான். செரி, மூடிக்கறேன், நீயே வந்து 'பேசு'ன்னு சொல்றவரைக்கும் தொறக்கறதில்லைன்னு மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டேன். மூணாம் நாளு மாடு வந்து நிக்குது. மாட்டுக்குத் தெரியுங்களா எங்க தகராறு? தகரம் கையிலதான் இருந்துச்சு. தட்டியிருக்கலாம். அதுவும் பேசுன மாதிரிதானேன்னு அந்த நேரத்துல தோணிப்போச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் பேச ஆரம்பிச்சவன்தான் அம்மணி, இன்னும் நிறுத்தலை.

கதவா? இழுத்தாத் தொறக்கும், நான் பூட்டலை. படி வழுக்கும், பார்த்து எறங்குங்க. ஆனா வரிசையை மறந்துடாதீங்க, மொதல்ல காளிமுத்து. மூடச் சொன்னது அறுவது பேரு முன்னாலங்க. பேசுன்னு சொல்றதும் அறுவது பேரு முன்னாலதான் சொல்லோணும். அதுல நாப்பது பேரு செத்தே போயிட்டாங்க. மீதி இருவது பேரு முன்னால சொன்னாக்கூடப் போதும்னு நானும் எறங்கி வந்துட்டேன்... அம்மணி? கேக்குதுங்களா? ...அவன் இன்னும் சொல்லலைங்க.