ரத்தினவேலு நோட்டு

இல்லைங்க வக்கீல் சார், காப்பியெல்லாம் வேண்டாம். நீங்க கேட்டதுக்கு வாரேன். அந்தப் பயலுக்காக வாத்தியாரு நான் எதுக்கு அலையுறேன்னுதான கேட்டீங்க? அதுக்குப் பாடத்துலேர்ந்துதாங்க ஆரம்பிக்கணும்.

நான் காலேஜுல காமர்ஸ் எடுக்கிறேன். சரக்கு எங்கிட்டு வெளையுது, எப்பிடிக் கைமாறி வருது, எங்க தேங்கிப் போகுது, இதான் என் பாடம். புஸ்தகம் இருக்குங்க, லண்டன்ல அச்சுப் போட்டது. பூராம் கப்பலும் தொறைமொகமுந்தான். எம் பயலுகள்ல பாதிப் பேரு கடலையே பாத்ததில்ல. வாசிக்க ஆரம்பிச்சா கொட்டாவி விடுவானுக.

இந்த வருசம் அத மூடி வச்சுட்டேன். மேசையில ஒரு தீப்பெட்டிய வச்சு, இது ஒங்கிட்ட வர்றதுக்குள்ள எத்தனை பேரு கை பட்டுச்சுன்னு கேட்டேன். ஒருத்தனுக்கும் தெரியல. எனக்குந் தெரியாதுங்க, பொய் சொல்லக் கூடாது. சரி, ஆளுக்கொரு சரக்கப் புடிங்கடா, அது பின்னாலயே போங்க, எங்க நிக்குது, எம்புட்டு நேரம் நிக்குது, யாரு எறக்குனா, எல்லாத்தையும் நோட்டுல எழுதிட்டு வாங்கன்னேன். நாகராசுன்னு ஒருத்தன் முந்திரிக்கொட்டை பின்னால போனான். இன்னொருத்தன் திருவரங்குளத்துப் பக்கம் கடலை பின்னால. வந்து பேசுனானுக பாருங்க, எனக்கே புதுசா இருந்துச்சு.

ரத்தினவேலு அரிசியப் புடிச்சான்.

ஆமாங்க, திருமயத்துல புடிச்ச அதே லாரிதான். பெர்மிட்டு இல்லாம ஜில்லா தாண்டி அரிசி போகக் கூடாதுன்னு சட்டம் இருக்குல்ல. பெர்மிட்டு இருக்கு, காரைக்குடிக்குத்தான் போறோம்னு டிரைவர் சொல்லியிருக்கான். இவன் நம்பி மூட்டை மேல ஏறி ஒக்காந்துட்டான். போலீசக் கண்டதும் டிரைவரும் கிளீனரும் குதிச்சு ஓடிட்டானுக. இவன் ஓடல. பாடத்துக்குத்தான வந்தோம்னு கையில நோட்டோட நின்னுருக்கான்.

அந்த நோட்டுதாங்க வெனையாப் போச்சு. எந்த மில்லுல எத்தனை மணிக்கு ஏத்துனது, எத்தனை மூட்டை, வழியில எங்க நின்னுச்சு, எந்தக் கடையில எறக்கப் போறாக, ஒண்ணு விடாம எழுதியிருக்கான். கடத்தல்காரனோட கணக்கப்பிள்ளையே சிக்கிட்டான்னு முடிவு கட்டிட்டாக. ஸ்டேசன்ல அத எங்கிட்ட காட்டுனாக. நான் எத்தனையோ நோட்டுத் திருத்தியிருக்கேன் சார், அப்பிடி ஒண்ணு பாத்ததில்ல.

பதினோரு நாளா உள்ள கெடக்கான். பரிச்சைக்கு மூணு வாரந்தான் இருக்கு. வெளிய பெஞ்சுல ஒரு பொம்பள ஒக்காந்திருக்குல்ல, அது செங்கமலம், அவன் ஆத்தா. இன்னைக்கு விடிஞ்சதும் என் வீட்டு வாசல்ல வந்து நிக்கிது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாகளாமே சார்னு சொல்லி, குனிஞ்சு என் காலத் தொட வந்துச்சு. நான் ரெண்டு எட்டுப் பின்னால போயிட்டேன். என்ன செய்யிறதுன்னு தெரியாம அதையும் கூட்டிக்கிட்டு நேரா இங்க வந்துட்டேன்.

வாஸ்தவந்தாங்க. நான்தான் அனுப்புனேன்னு கோர்ட்டுல ஏறிச் சொன்னா முடிஞ்சு போகும். எனக்கும் தெரியுது.

ஆனா ஒண்ணு இருக்குங்க. அவனப் புடிச்ச மறுநாளே போலீசு காலேஜுக்கு எழுதிக் கேட்டுச்சு, இப்பிடி லாரியில போகச் சொல்லிப் பாடம் உண்டான்னு. பிரின்சிபால் என்னையக் கூப்புட்டாரு. காலேஜ் பேரு கெட்டா ஒங்க வேலைக்கு நான் பொறுப்பில்லன்னாரு. எனக்கு இன்னும் பெர்மனென்ட் ஆகல சார். ரெண்டு பொம்பளப் புள்ளைக. அப்பிடிப் பாடம் எதுவும் இல்ல, மாணவன் தன் இஷ்டத்துக்குப் போனதுன்னு மூணே வரியில பதில் போச்சு. ஜாமீன் இல்லைன்னு சொன்னதே அந்தக் கடுதாசிய வச்சுத்தான்.

கையெழுத்தா?

என்னோடதுதாங்க. அந்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. கதவக் கொஞ்சம் சாத்திக்கிறலாங்களா?