ஹவுஸ்ஃபுல் ஆகாத கொட்டகை

அன்று கம்பிக்கூண்டுக்குள் அமர்ந்து டிக்கெட் கொடுத்த அதே கையால் இன்று என்னிடம் மைக்கைக் கொடுத்திருக்கும் தலைவி அவர்களே! முன்வரிசையை நிறைத்து, முதுமையை மறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! பேரப்பிள்ளையை மடியிலும் பொறுமையை முகத்திலும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே! இந்தச் சேமிப்போர் கூட்டத்துக்கு முதல்முறையாக வந்திருக்கும் இளையவர்களே! சினிமாக் கொட்டகை வாசலில் டிக்கெட்டைக் கிழித்தும், உள்ளே இருட்டில் டார்ச் அடித்தும் தலை நரைத்த கிழவனின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்!

மியூச்சுவல் ஃபண்டைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன் நான். "படிச்சவங்க பேசினா எல்லாரும் தூங்கிடறாங்க டார்ச் அண்ணே, நீங்க பேசுங்க" என்றார் தலைவி. கைதட்டாதீர்கள், அவர் என்னைப் புகழவில்லை. அவர்களைத் திட்டினார்!

எங்கே போயிற்று எங்கள் கொட்டகை? இன்று அங்கே கார்கள் வரிசையாய் நிற்கின்றன. எனக்கு மட்டும் இன்னும் அந்தச் சிவப்புத் திரை அசைகிறது. சிமெண்டுப் படியின் குளிர்ச்சி காலில் ஏறுகிறது. தலைக்குமேல் ஒளிக்கற்றை ஓட, அதில் சிகரெட் புகை சுருள் சுருளாய் ஏறுகிறது. அந்த ஒளிக்கு உரியவர் எங்கள் ஆபரேட்டர். மாடியில், வெந்நீர்ப் பானை போல் கொதிக்கும் அறையில், மெஷினோடு மெஷினாக நின்றவர்.

ஒருநாள் இடைவேளையில் ஒரு முகவர் வந்தார். பலபேர் பணத்தைத் திரட்டிப் பல கம்பெனிகளின் பங்குகளில் போடுவோம், உங்கள் பங்குக்கு யூனிட் தருவோம், மதிப்பு ஏறும், இறங்கும் என்றார். வெளியே வருவதைப் பற்றியும் ஏதோ சொன்னார். அதற்குள் உள்ளே சண்டைக்காட்சி தொடங்கிவிட்டது. காதில் விழவில்லை. ஆனாலும் சேர்ந்தோம், மாதாமாதம் கட்டினோம்.

யூனிட் என்றால் எங்களுக்கு என்ன? டிக்கெட்! வேறென்ன தெரியும் எங்களுக்கு?

ஆண்டுகள் ஓடின. ஆபரேட்டரின் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி. ஒரு கண் முன்பே மங்கியிருந்தது. மற்றொன்றிலும் ஒரு காலைநேரத்தில் நிழல் இறங்கியது. "இந்த வாரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்தால் பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாம், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர்.

ஆபரேட்டரிடம் இருந்ததெல்லாம் அந்த யூனிட்டுகள்தான். ஃபண்டு அலுவலகத்துக்கு ஓடினாரா? இல்லை! கொட்டகை வாசலில் நின்று ஆள் தேடினார்! விற்ற டிக்கெட்டைக் கவுன்ட்டர் திரும்ப வாங்கி நாங்கள் கண்டதில்லையே! வேண்டாமென்றால் வாசலில் நிற்கும் இன்னொருவர் தலையில் கட்டவேண்டும், அதுதானே எங்கள் தொழில் கற்பித்த சட்டம்?

கேன்டீன்காரர் கிடைத்தார். "பாதி விலைன்னா எடுத்துக்கறேன். அதுவும் உங்க முகத்துக்காக."

"பாதியா? எத்தனை வருஷமா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் போட்டதுய்யா!"

"அப்போ முழு விலை தர்றவன் வர்ற வரைக்கும் நில்லுங்க. எனக்கென்ன அவசரம்?"

ஆபரேட்டர் தலையாட்டிவிட்டார். வேறு வழி? அண்ணியின் கண்ணல்லவா அங்கே பணயம்!

கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் இடித்தது. யாருடையது? இதோ சிரிக்கிறாரே, தலைவி!

"யோவ் ஆபரேட்டர்! ரீல் மாத்தும்போது மூளையையும் கழட்டி வெச்சிட்டியா? கொடுத்தவன்கிட்டயே கேட்டுப் பாத்தியா?"

"கவுன்ட்டர்ல திருப்பி வாங்குவாங்களாக்கா? நீயே வாங்க மாட்டியே!"

"நான் வாங்க மாட்டேன். அவன் வாங்குவானான்னு கேட்டாத்தானே தெரியும்? நட!"

நானும் சேர, மூவரும் ஃபண்டு அலுவலகம் போனோம். இதை வாங்க வெளியே ஆள் தேடவேண்டுமா, நீங்களே எடுப்பீர்களா என்று கேட்டோம். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் எங்களை விசித்திரமாகப் பார்த்தாள். "ஆளா? எதுக்குங்க ஆளு? இது ஓப்பன் எண்டட் ஃபண்டு. எந்த வேலை நாள்லயும் நாங்களே திருப்பி எடுத்துப்போம்."

"இப்ப என்ன விலைம்மா?"

"இன்னைக்கு விலை ராத்திரிதான் தெரியும் சார்."

"விலை தெரியாமலே கையெழுத்துப் போடவா?"

அவள் பொறுமையாகச் சொன்னாள். அன்றாடம் சந்தை மூடியபின், ஃபண்டின் கையில் உள்ள பங்கு, ரொக்கம் எல்லாவற்றையும் மதிப்பிட்டு, செலவைக் கழித்து, மொத்த யூனிட்டுகளால் வகுப்பார்கள். அதுவே அன்றைய விலை. வருகிறவருக்கும் அதுதான், போகிறவருக்கும் அதுதான். மூன்று மணிக்குள் கொடுத்தால் இன்றைய விலை, தாண்டினால் நாளைய விலை. சீக்கிரமே வெளியேறினால் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள், பழைய யூனிட்டுக்குப் பிடித்தம் இல்லை. "எல்லாத்தையும் எடுக்க வேண்டாம் சார், தேவையானதை மட்டும் எடுங்க. மூணு நாலு நாள்ல பேங்க்குக்கு வந்துடும்."

ஆபரேட்டர் அழுதுவிட்டார். மெஷின் தீப்பிடித்தபோதும் அழாத மனிதர்!

என்ன தம்பி? "எல்லாரும் ஒரே நாளில் எழுந்து போனால்?" என்கிறாயா? நல்ல கேள்வி. போகிறவர்களுக்குப் பணம் தரப் பங்குகளை விற்பார்கள். கூட்டமாக விற்றால் விலை சரியும். அதை மறைக்க நான் யார்? கொட்டகையில் நாற்காலிக்குக் கணக்கு உண்டு. ஃபண்டிலோ, வந்தால் ஒரு நாற்காலி போடுவார்கள், போனால் மடித்து எடுப்பார்கள், அவ்வளவுதான். கதவு திறந்திருக்கும், வெளியே வெயிலா மழையா என்பது அந்த நாளின் கையில்! ஆகவே அடுத்த மாத வாடகையைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள். சில திட்டங்களுக்குச் சில ஆண்டுகள் பணத்தை எடுக்கவே முடியாத பூட்டும் உண்டு, விசாரித்துச் சேருங்கள்.

அன்பர்களே! ஆயுளெல்லாம் டார்ச் அடித்தேன். "என் சீட்டு எங்கே, என் சீட்டு எங்கே" என்று கேட்டவர்கள் எத்தனை எத்தனை! "வெளியே போகும் கதவு எது" என்று கேட்டவர் ஒருவர் உண்டா? நுழையும்போதே கேளுங்கள்! பணம் போடும்போதே கேளுங்கள்! வெட்கப்படாமல் கேளுங்கள்! வழி தெரிந்தவன் பதறமாட்டான். பதறாதவனைப் பாதி விலைக்கு எவராலும் மடக்க முடியாது!

வாரம் முடியுமுன் சிகிச்சை நடந்தது. கட்டுப் பிரித்த சில நாளில், ஒரு பகல் காட்சிக்கு அண்ணி வந்தார். கடைசி வரிசையில் அமர்த்தினேன். படம் ஓடுகிறது, அவரோ திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேலே ஒளி வரும் சின்னஞ்சிறு ஓட்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அண்ணி, படம் அந்தப் பக்கம்."

"அது நாளைக்கும் ஓடும் தம்பி. உங்க அண்ணன் மூஞ்சி தெரியுதான்னு பாக்கறேன்."

"தெரியுதா?"

"தெரியுது. சவரம் பண்ணல."

இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நன்றி. வணக்கம்!